பழைய டிரைவரை விட்டுவையுங்கள்

கணினிக்கு அப்டேட் அனுப்புகிற அன்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் 19ஆம் தேதி இரவு நீங்கள் அனுப்பியது என் லேப்டாப்பில் ஏறியது. காலையில் திறந்தால் வைஃபை சின்னத்தையே காணோம். கணினிப் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், வைஃபை பாகத்தின் மேல் கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம். அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது; அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறீர்கள். அது என் ஆறு வருட மெஷினுக்கு ஒத்துவரவில்லை. சரி, பழையதற்கே திரும்பலாம் என்றால் 'ரோல் பேக்' பட்டன் அழுத்த முடியாமல் மங்கிக் கிடக்கிறது. கோளாறு கண்டுபிடிக்கும் கருவியை ஓட்டினேன். ஆன்லைனில் உதவி தேடச் சொன்னது. ஆன்லைனில்!

நான் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவன். மாதாமாதம் '3பி' என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20தான் கடைசி நாள். வரி கட்டவேண்டியவர் தவறவிட்டால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ஹாட்ஸ்பாட்டுக்கும் வைஃபைதானே வேண்டும்? அதனால் போனைக் கேபிளில் மாட்டி நெட் எடுத்தேன். ரிட்டர்னை முடிக்கக் கடைக்காரர் போனுக்கு ஓடிபி வரும்; அவர் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். என் போனில் நெட் ஒரு சிம்மில், அழைப்பு வருவது இன்னொன்றில். மளிகைக்கடை அண்ணாச்சி "நாலு... ஏழு..." என்று ஆரம்பித்ததும் நெட் நின்றுவிடும். அவர் வைத்ததும் நெட் வரும், ஆனால் போர்ட்டல் என்னை வெளியே தள்ளியிருக்கும். மூன்றாவது தடவை அவர், "தம்பி, கடைச் சுவத்துல எழுதிப் போட்டுரட்டுமா?" என்றார். சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, அவள் போனில் ஓடிபியை வாங்கித்தான் ரிட்டர்ன் போனது.

அப்புறம் லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து பழைய டிரைவரைப் போனில் இறக்கி, கேபிள் வழியாக மாற்றிப் போட்டேன். வைஃபை வந்தது. மறுநாளே உங்கள் அப்டேட் ஓசைப்படாமல் புதியதைத் திரும்பவும் ஏற்றிவிட்டது. கழற்றி வைத்ததை மறுபடி மாட்டிவிடும் அக்கறைக்கு நன்றி.

கேட்பது இவ்வளவுதான்: பழைய டிரைவரை லேப்டாப்பிலேயே விட்டுவையுங்கள், நெட் இல்லாமலே அதற்குத் திரும்ப வழி வையுங்கள். வேண்டாம் என்று நாங்கள் நீக்கியதை மறுபடி திணிக்காதீர்கள்.

பாதுகாப்புக்கு அப்டேட் தேவை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வரி, பில், ரிசல்ட் என்று எல்லாவற்றையும் ஆன்லைனில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே போகும் வாசலை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்தால் எப்படி? கேட்டால், எங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறீர்களாம். அனுபவம் நிறையவே கிடைத்தது ஐயா.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். பழைய டிரைவரை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள். இப்போதைக்கு ரௌட்டரிலிருந்து என் மேசைவரை ஹாலின் குறுக்கே 15 மீட்டர் லேன் கேபிள் ஓடுகிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் அம்மா உங்களை ஒரு வார்த்தை சொல்கிறார். அதை இங்கே எழுதவில்லை.

இப்படிக்கு,
அடுத்த 20ஆம் தேதியை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு கணக்கர்