சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்த பணம் வந்த வழியே திரும்பாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கிகள் நிரந்தர வைப்புக்குச் சலுகை வட்டி அறிவிக்கும்போதெல்லாம், 55 வயதைக் கடந்தவர்கள் பலர் மத்திய சேம நிதியின் (சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்புத் திட்டம்) சாதாரணக் கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்து அங்கே போடலாமா என்று யோசிக்கிறார்கள். இரண்டு வட்டி விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது.

முதலில், திரும்பும் வழி. மாதாந்திர வழங்குதொகைக்கென ஓய்வுக்காலக் கணக்கில் ஒதுக்க வேண்டிய முழு ஓய்வுக்காலத் தொகையை ஒதுக்கியவர்கள், சாதாரணக் கணக்கில் மிஞ்சியதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அதைச் சாதாரணக் கணக்கில் மட்டும் திருப்பிப் போட முடியாது. சொந்த விருப்பத்தில் செலுத்தும் தொகை வயதுக்கேற்பச் சாதாரண, ஓய்வுக்கால, மருத்துவச் சேமிப்பு என மூன்று கணக்குகளுக்கும் பிரிந்துவிடும். அதற்கும் ஆண்டுக்கு 37,740 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்ற வரம்பு உண்டு. வேலையில் இருப்பவர்களின் கட்டாயச் சந்தாவும் அதற்குள்தான் அடங்கும். 2022 இறுதியில் அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் ஆறு மாதக் கருவூலப் பத்திரத்தின் வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியது. 2025ன் பிற்பாதியில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. சாதாரணக் கணக்கோ இந்தக் காலம் முழுவதும் 2.5 விழுக்காட்டிலேயே நின்றது. உயர்ந்த வட்டிக்காக மொத்தத்தையும் எடுத்தவர்களுக்கு இன்று அந்த 2.5க்குத் திரும்ப நேர்வழி இல்லை.

அடுத்தது, எடுக்கும் தேதி. சேம நிதி வட்டி ஒவ்வொரு மாதத்தின் மிகக் குறைந்த இருப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜூன் 28ஆம் தேதி 50,000 வெள்ளியை எடுத்தால், அந்தத் தொகைக்கு ஜூன் மாத வட்டி முழுவதும் போய்விடும். ஏறக்குறைய 104 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 3 விழுக்காடு தரும் வைப்பில் கிடைப்பது 750 வெள்ளி, சாதாரணக் கணக்கில் 625. கூடுதலாக வரும் 125 வெள்ளியில் பெரும்பகுதியைத் தேதியே விழுங்கிவிடுகிறது. எடுப்பதென்று முடிவுசெய்தால் மாதத்தின் முதல் நாளில் எடுங்கள். இணையத்தில் எடுப்பதற்கான நாள் வரம்பு, நாமாக மாற்றாதவரை 2,000 வெள்ளிதான். அதை உயர்த்தினால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் முந்திய நாளே உயர்த்திவிடுவது நல்லது. வேலை முடிந்ததும் மறக்காமல் குறைத்துவிடுங்கள். மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான் அந்த வரம்பே இருக்கிறது.

ஓய்வுக்காலக் கணக்கில் ரொக்கம் நிரப்புவது முற்றிலும் வேறு. 4 விழுக்காடு ஈர்க்கத்தான் செய்யும். ஆனால் போட்ட பணத்தை நினைத்தபோது மொத்தமாக எடுக்க முடியாது. 65 வயதுக்குமேல் மாதாந்திர வழங்குதொகையாகவே கைக்கு வரும். அவசர மருத்துவச் செலவுக்கோ பிள்ளையின் திருமணத்துக்கோ தேவைப்படக்கூடிய பணத்தை அங்கே வைக்கவே கூடாது. வரிக் கழிவும் முழு ஓய்வுக்காலத் தொகையை எட்டும்வரைதான். அதற்குமேல் நிரப்பினால் வட்டி உண்டு, கழிவு இல்லை.

வங்கி வைப்புகளுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் மொத்தம் 100,000 வெள்ளிவரை காப்புறுதி உண்டு. அதே வங்கியில் சேமிப்புக் கணக்கும் நிரந்தர வைப்பும் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்துதான் அந்த வரம்பு. வெளிநாட்டு நாணய வைப்புகள் அதில் சேரா. தவணை முடியும் நாளையும் குறித்துவைக்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால், சலுகை வட்டி போய் வங்கியின் வழக்கமான குறைந்த வட்டியில் பணம் மாட்டிக்கொள்ளும்.

ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். சாதாரணக் கணக்கில் உள்ளதை, தேவை வரும்வரை அங்கேயே விட்டுவைப்பதுதான் பெரும்பாலோருக்கு நல்லது. வாரிசு நியமனத்தையும் இப்போதே செய்துவிடுங்கள். சேம நிதிப் பணம் உயிலில் எழுதியபடி போகாது.

வைப்பு வட்டி விகிதங்களை வெளியிடும்போது, எடுத்த தொகையைச் சாதாரணக் கணக்கில் மட்டும் திருப்பிச் செலுத்த முடியாது என்ற ஒரு வரியையும் தங்கள் நாளிதழ் சேர்த்துப் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்