தனுஷ்கோடி நிலையத்தை இப்படியே விடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் உறவினர்களோடு அரிச்சல்முனைக்குப் போனோம். தனுஷ்கோடி பழைய ரயில் நிலையத்தில் மிஞ்சியிருக்கும் சுவர் மேல் ஒரு பையன் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். காறை உதிர்ந்து உள்ளே இருக்கும் கல் பல்லிளிக்கிறது. கை பட்டாலே மண் கொட்டுகிறது. எங்களோடு வந்த பிள்ளை, "இது கோயிலா?" என்று கேட்டாள்.

எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போட் மெயில் ரயிலில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. பாம்பன் பாலம் திறந்த 1914 முதல் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் இலங்கையின் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அக்கரையில் இருப்பவர்களைப் பாருங்கள். கடுகண்ணாவை என்ற சிற்றூரில் 2014-லேயே ரயில் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். நமக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். இடிபாட்டைச் சுற்றி ஒரு வேலி, சுண்ணாம்புக் காறையில் பழுதுபார்ப்பு (சிமெண்ட் பூசிக் கெடுத்துவிடாதீர்கள்!), பழைய டிக்கெட்டும் படங்களும் வைக்க ராமேஸ்வரம் நிலையத்தில் ஓர் அறை, போதும். அப்புறம், அந்தப் புயலைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் பேச்சை இப்போதே பதிவு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், மண்டபம்