சோதனை என்ற பெயரில் 3.15 மென்பொருளை அழித்து அனுப்பிய பிளேஸ்டேஷன் 3: பணத்தைத் திருப்பித் தரக் கோரி இறுதிப் புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
பழைய மின்னணுப் பொருள் விற்பனைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். "சோதித்துச் சான்றளித்தது" என்ற முத்திரையோடு உங்கள் தளத்தில் விற்பனைக்கு இருந்த சோனியின் பழைய கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 3 ஒன்றை ரூ. 11,499 கட்டி வாங்கினேன். சி.இ.சி.எச்.எல் மாடல், 80 ஜிபி, தடித்த பெட்டி. நீங்கள் போட்டிருந்த படங்களில் ஒன்று சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரை. அதில் சிஸ்டம் சாஃப்ட்வேர், அதாவது பெட்டியை இயக்கும் மென்பொருளின் பதிப்பு, 3.15 என்று பளிச்சென்று தெரிகிறது. பணம் கட்டும் முன் சாட்டில் கேட்டேன்: "இதே பெட்டி, இதே 3.15-ஓடுதான் வருமா?" பதில்: "ஆமாம் சார், படத்தில் உள்ளபடியே வரும்." வந்த பெட்டி அதேதான், சீரியல் எண் ஒத்துப்போகிறது. ஆனால் உள்ளே 4.91.

இதில் என்ன தப்பு என்று உங்கள் ஆட்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. "லேட்டஸ்ட் அப்டேட் ஃப்ரீயா போட்டுத்தானே சார் அனுப்பியிருக்கோம்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். அது லேட்டஸ்டும் இல்லை, 4.92 எப்போதோ வந்துவிட்டது. அப்டேட் போடுகிற பென்டிரைவைக்கூட உங்கள் பட்டறையில் யாரும் மாற்றுவதில்லை போலிருக்கிறது.

பிளேஸ்டேஷன் 3-இல் "அதர் ஓஎஸ்" என்றொரு வசதி இருந்தது. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் போட்டு, கேம் பெட்டியைக் கணினியாகவே பயன்படுத்த விடும் வசதி. சோனியே கொடுத்தது, திருட்டுத்தனம் எதுவும் இல்லை. செட்டிங்ஸில் ஹார்ட் டிஸ்கைப் பிரித்து 10 ஜிபியை லினக்ஸுக்கு ஒதுக்கலாம். பென்டிரைவில் பிஎஸ்3 என்ற ஃபோல்டருக்குள் அதர்ஓஎஸ் ஃபோல்டர், அதற்குள் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட் லோடர் ஃபைல்; "இன்ஸ்டால் அதர் ஓஎஸ்" கொடுத்து, டிஃபால்ட் சிஸ்டத்தை மாற்றினால் பெட்டி அடுத்த முறை லினக்ஸில் எழும். 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த 3.21 அப்டேட்டில் சோனி இந்த வசதியையே எடுத்துவிட்டது. அதற்கு முன் வந்த கடைசிப் பதிப்பு 3.15. 2009-இல் வந்த ஸ்லிம் மாடலில் இந்த வசதி முதலிலிருந்தே கிடையாது. ஆகவே தடித்த பெட்டி, அதுவும் 3.15 அல்லது அதற்குக் கீழ். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் எனக்கு அது பொருள். சேராவிட்டால் வெறும் பெட்டி.

உங்கள் தளத்திலேயே 4-க்கு மேல் பதிப்பு போட்ட தடித்த பெட்டிகள் இதைவிட மலிவாகக் கிடக்கின்றன. நான் கூடுதலாகக் கொடுத்த பணம் அந்த 3.15 என்ற எண்ணுக்குத்தான். அந்த எண்ணைத்தான் அழித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

எப்படி நடந்தது என்றும் நானே சொல்லிவிடுகிறேன், உங்கள் பட்டறை சொல்லாது. பெட்டியில் இருப்பது பழைய டிஸ்க் இல்லை, வேறொரு டிஸ்க். டிஸ்க் மாற்றியது குற்றமில்லை. தடித்த மாடலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒரு நீலத் திருகை எடுத்தால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். வினை அதற்குப் பிறகு. மாடல் பெயரின் கடைசி எழுத்து ஏ முதல் ஜி வரையுள்ள பெட்டிகளில், சிஸ்டம் ஃபைல்கள் போர்டிலுள்ள 256 எம்பி நினைவகச் சிப்பில், அதாவது நேண்ட் ஃபிளாஷில் இருக்கும். அவற்றில் புது டிஸ்க் போட்டால் ஃபார்மேட் மட்டும் கேட்கும். எச் முதல் போர்டில் 16 எம்பி நார் ஃபிளாஷ்தான். மீதி சிஸ்டம் ஃபைல்கள் டிஸ்கில் உட்காரும். எனவே எல் மாடலில் காலி டிஸ்கைப் போட்டதும், "3.15 அல்லது அதற்கு மேற்பட்ட அப்டேட் உள்ள பென்டிரைவைச் செருகு" என்று திரையே கேட்கும். பதிப்பு எண்ணை அதுவே எழுதிக் காட்டுகிறது ஐயா! எஃப்ஏடி32 பென்டிரைவில் பிஎஸ்3, அதற்குள் அப்டேட் என்ற ஃபோல்டர், அதில் 3.15 அப்டேட் ஃபைல். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. உங்கள் டெக்னீஷியன் கைக்குக் கிடைத்த 4.91-ஐச் செருகிவிட்டார்.

ஏறியதை இறக்க முடியுமா? முறையான வழியில் முடியாது. இப்போது பழுதுபார்ப்புக்கான சேஃப் மோடில் 3.15 ஃபைலைக் கொடுத்தால் "4.91 அல்லது மேற்பட்டது" வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறது. முறைசாரா மென்பொருளை ஏற்றி இறக்கும் வித்தைகள் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் வாரண்டி அட்டையில் "அதிகாரபூர்வமற்ற மென்பொருள் ஏற்றினால் வாரண்டி ரத்து" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. நீங்கள் கெடுத்ததை நான் சரிசெய்தால் என் வாரண்டி போகும், அப்படித்தானே?

இதையெல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே எழுதினேன். விற்கிறவருக்கு அவர் விற்கும் பொருளைப் பற்றி வாங்குகிறவனைவிடக் கொஞ்சமாவது கூடத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தரவும்" என்று பதில் வந்தது. எந்தத் தீர்வும் இல்லாமல் டிக்கெட்டை மூடியிருந்தார்கள். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள்.

பிறகு "ஃபேக்டரி ரீசெட் பண்ணா பழைய வெர்ஷன் வந்துடும் சார்" என்றார் ஒருவர். வராது. சேஃப் மோடில் இருக்கும் ஐந்தாவது வரி, "ரிஸ்டோர் பிஎஸ்3 சிஸ்டம்", டிஸ்கைத் துடைக்குமே தவிர ஃபிளாஷில் ஏறிய பதிப்பைத் தொடாது. இன்னொருவர், "பழைய டிஸ்கைத் தேடி அனுப்புறோம்" என்றார். நல்ல மனது, நன்றி. ஆனால் ஃபிளாஷில் 4.91 ஏறிவிட்ட பிறகு பழைய டிஸ்கைப் போட்டாலும் பெட்டி மறுபடி அப்டேட் ஃபைல்தான் கேட்கும். ஒவ்வொரு முறையும் புது ஆள், நான் முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டும்.

இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். உங்கள் "எஸ்கலேஷன் டெஸ்க்"கிலிருந்து பேசிய அந்த நபரை மட்டும் முடியவில்லை. நான் பேச ஆரம்பித்ததுமே இடைமறித்தார். "சார், கேம் ஓடுதா ஓடலையா? அதை மட்டும் சொல்லுங்க." ஓடுகிறது, ஆனால் நான் வாங்கியது அதற்கில்லை என்றேன். "கேம் பொட்டியில கேம் ஆடாம ஆராய்ச்சியா பண்ணப் போறீங்க? பதினஞ்சு வருஷப் பழசுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? வீட்ல பசங்க இருந்தா ஆடட்டும், விடுங்க சார்." பின்னால் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அழைப்பு பதிவு செய்யப்படுவதாக முதலில் நீங்கள்தானே அறிவிக்கிறீர்கள்? அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நானும் கேட்பேன்.

அவருக்குப் பதில் இதோ. ஆமாம், கேம் பெட்டியில் ஆராய்ச்சிதான். மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் கௌரவ் கன்னா 2007-இலேயே இந்தப் பெட்டிகளைக் கோத்துக் கருந்துளைக் கணக்குகள் போட்டவர். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 2010-இல் 1,760 பிளேஸ்டேஷன் 3-களைச் சேர்த்து "காண்டோர்" என்ற கணினித் தொகுப்பைக் கட்டியது. பழுது பார்க்கக் கொடுத்தால் புதுப் பதிப்போடு திரும்பி வந்து லினக்ஸ் போய்விடுமே என்ற கவலை அன்று அவர்களுக்கும் வந்தது. அன்றே உலகம் பேசிய விஷயம், பழைய பிளேஸ்டேஷன் விற்கும் உங்களுக்கு இன்றும் எட்டவில்லை.

என் வேலை அத்தனை பெரிதில்லை, பொழுதுபோக்குதான். ஆனால் அதற்கு இந்தப் பெட்டிதான் வேண்டும். இதிலுள்ள செல் சிப்பில் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஒரு முதன்மைக் கோர். கூடவே எஸ்பிஇ எனப்படும் துணைக் கோர்கள் எட்டு. அவற்றில் ஒன்று முடக்கப்பட்டது, இன்னொன்று பெட்டியைக் காவல் காக்கும் சோனியின் ஹைப்பர்வைசர் மென்பொருளுக்கு. மிச்சம் ஆறு லினக்ஸுக்குக் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒற்றைத் துல்லியத்தில் 25.6 கிகாஃப்ளாப்ஸ் (ஒரு கிகாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடிக் கணக்கு), ஆறுக்கும் சேர்த்து 153.6. ஒவ்வொரு எஸ்பிஇ-க்கும் சொந்த நினைவகம் 256 கேபிதான். நிரலும் தரவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். தானாகச் சேமித்துத் தரும் கேஷ் இல்லை. முதன்மை நினைவகத்திலிருந்து தரவை நகர்த்தும் ஒரு டிஎம்ஏ கட்டளைக்கு 16 கேபிக்கு மேல் நகராது. எனவே ஒரு பஃபரில் (தற்காலிகத் தரவு இடத்தில்) கணக்கு ஓடும்போதே அடுத்த பஃபரில் தரவு வந்து இறங்க வேண்டும். இந்தத் தாளத்தைப் பிடிப்பதுதான் பயிற்சியே. இன்றைய சிப்களில் கேஷ் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். நாற்பது, ஐம்பது ஆயிரத்துக்கு மடிக்கணினி வாங்கினாலும் இது கிடைக்காது.

எல் மாடலைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. முந்தைய மாடல்களில் 90 நானோமீட்டர் கிராஃபிக்ஸ் சிப், சூடேறி மஞ்சள் விளக்கோடு செத்துப்போவதில் பேர்போனது. எல்-இல் 65 நானோமீட்டர். இவ்வளவு பார்த்துப் பொறுக்கி எடுத்த பெட்டியைப் பென்டிரைவைச் செருகி முடித்துவிட்டீர்கள். இந்த நாட்டில் 3.15-இல் நிற்கும் இன்னொரு எல் மாடல் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த இழப்புக்கு விலை போட்டால் 11,499-இல் நிற்காது, லட்சத்தில்தான் முடியும்.

மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போனது: அம்பத்தூர் பயணம். "பெட்டியை நேரில் கொண்டுவாங்க, டெக்னீஷியன் பார்த்துச் சொல்வார்" என்று உங்கள் ஆள்தான் எழுதினார், அந்தச் செய்தி கையில் இருக்கிறது. நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒயர், கன்ட்ரோலர் சகிதம், பஸ் மாறி, தொழிற்பேட்டைக்குள் உங்கள் கிடங்கைத் தேடிக் கண்டுபிடித்தால், வாசலிலேயே செக்யூரிட்டி "வாக்-இன் கிடையாது சார், ஆன்லைன்ல டிக்கெட் போடுங்க" என்கிறார். டிக்கெட் எண்ணைக் காட்டினேன். "இது க்ளோஸ் ஆன டிக்கெட்." டெக்னீஷியனை வெளியே அழைக்கக் கேட்டேன், சாப்பாட்டுக்குப் போயிருக்கிறாராம். அவர் வரவில்லை. மதியம் முழுக்க வெயிலில் அந்த கேட்டருகே நின்றுவிட்டுத் திரும்பினேன். இதற்கு யார் பொறுப்பு?

பெட்டிக்கு அடியிலும், டிஸ்க் மூடி மேலும் "கிழித்தால் வாரண்டி இல்லை" ஸ்டிக்கர் வேறு. பயனரே மாற்றிக்கொள்ளலாம் என்று தயாரித்தவரே விட்ட மூடிக்கு ஸ்டிக்கர் ஒட்ட நீங்கள் யார்?

சண்டை பிடிப்பது என் நோக்கமில்லை. உங்கள் விற்பனைப் பிரிவிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்றே நம்புகிறேன். பணிவோடு கேட்பது இதுதான்: 3.15 அல்லது அதற்குக் கீழ் பதிப்புள்ள தடித்த பெட்டி ஒன்று இருந்தால், பேக் செய்வதற்கு முன் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையையும் பின்பக்க சீரியல் ஸ்டிக்கரையும் ஒரே வீடியோவில் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சரி என்றால் மாற்றிக்கொள்கிறேன். அதில் டிஸ்க் எதையும் மாற்ற வேண்டாம், இணையத்தில் இணைக்க வேண்டாம், உங்கள் பென்டிரைவை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பெட்டி இல்லையென்றால் ரூ. 11,499-ஐயும் கூரியர் கட்டணத்தையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள்; பழைய பெட்டியை உங்கள் செலவில் என் வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். "வாலட்டில் கிரெடிட்" என்று ஆரம்பிக்காதீர்கள்.

2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. "பொருள் வேலை செய்கிறது, எனவே குறை இல்லை" என்ற உங்கள் வாதம் அங்கே செல்லாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அங்கே பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் ரூ. 50,000 சேர்த்துக் கேட்பேன். அந்த எஸ்கலேஷன் டெஸ்க் நபரிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பும் வேண்டும்.

விளம்பரப் படம், சாட் பதிவு, ரசீது, வந்த பெட்டியின் திரையைக் காட்டும் படம், அம்பத்தூருக்கு வரச் சொன்ன செய்தி எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்த முறை படிக்காமல் டிக்கெட்டை மூடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆர்டர் எண் இணைப்பில் உள்ள வாடிக்கையாளர்