மேண்ட்ரல் எந்தப் பக்கம் நுழைந்தது?

விமான இறக்கை வரைபடங்களில் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். குளிர்நிலையில், அதாவது சூடாக்காமல், விரித்த துளைகளைச் சுற்றி உலோகத்துக்குள் எஞ்சிய தகைவை (ஸ்ட்ரெஸ்) அளப்பது என் வேலை. போன மாதம் ஓர் அலுமினியத் துண்டு என் மேசைக்கு வந்தது. கூட வந்த தாளில் ஒரே வரி: "துளை ஓரத்தில் ஸ்ட்ரெஸ் எவ்வளவு?" துளையை விரிக்க அதன் வழியே இழுக்கும் தடித்த தண்டுதான் மேண்ட்ரல்; அது நுழைந்த பக்கம் எது என்று குறியே இல்லை. நகத்தால் தடவிப் பார்த்தேன். துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் ஓட்டியாகிவிட்டது, மேண்ட்ரலைச் சுற்றிப் போடும் ஸ்லீவின் (உறை) பிளவு விட்டுப்போகும் மேடுகூட மிச்சமில்லை.

பக்கம் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து என்ன செய்வீர்கள்? மேண்ட்ரலை இழுக்கும்போது துளை 3, 4 சதவீதம் விரிகிறது. வெளிவட்ட உலோகம் திரும்ப நெருக்க, துளை ஓரம் அமுக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. விரிசலை அடக்கிவைப்பது அந்த அமுக்கம்தான். ஆனால் தகட்டின் கனம் முழுக்க அந்த அமுக்கம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேண்ட்ரல் நுழையும் முகத்தில்தான் குறைவு. விரிசலும் பெரும்பாலும் அந்த மூலையில்தான் கிளம்புகிறது.

எக்ஸ்ரே மேல்தோலில் சில பத்து மைக்ரானைத்தான் பார்க்கும். உள்ளே பார்க்க கான்டூர் முறை இருக்கிறது: துளையின் நடுவாக ஒயர்கட்டில் (மின்பொறி பாயும் கம்பியால்) வெட்டி, வெட்டுமுகத்தின் மேடுபள்ளத்தைப் புள்ளிபுள்ளியாக அளக்கும் சிஎம்எம் கருவியில் அளந்து தகைவைக் கணக்கிடுவது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் மைக்கேல் பிரைம் 2001-இல் வெளியிட்ட முறை. வெட்டுமுகம் முழுவதற்கும் படம் கிடைக்கும், ஆனால் விளிம்பில் தடுமாறும். நமக்கு வேண்டியதும் அந்த விளிம்புதான்! அதனால் முதலில் எக்ஸ்ரே, அப்புறம் ஒயர்கட். வெட்டிய துண்டை ஒட்டவைத்து மறுபடி அளக்க முடியாது.

அமெரிக்க விமானப்படையின் ஆயுள் கணக்கில் சாதாரணத் துளையில் 1.27 மிமீ விரிசல் ஏற்கெனவே இருப்பதாக வைத்துத் தொடங்குவார்கள். விரித்த துளைக்கு 0.127 மிமீ. தகைவை அளக்காமலே கொடுத்த சலுகை அது. அதற்கு மேல் ஆயுள் கேட்பதானால் தகைவை அளந்து காட்ட வேண்டும்.

ஆகவே, அதே தகட்டில் அதே கருவியால் விரித்த மாதிரித் துண்டு இரண்டு அனுப்புங்கள். ரீமர் ஓட்டும் முன்பும் பின்பும் துளை விட்டம் எழுதுங்கள். மேண்ட்ரல் நுழைந்த முகத்தில், துளையை விட்டுத் தள்ளி, மார்க்கரால் ஓர் அம்பு போடுங்கள். பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டாம், அந்த அடியே புதுத் தகைவைக் கொண்டுவரும்.

இப்படிக்கு,
அளவைக்கூடத்திலிருந்து ஒருவன்