சொந்தக் காசில் ஒரு துப்பாக்கிப் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இனி யார் வேண்டுமானாலும் சொந்தமாகப் புத்தகம் போடலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. போடலாம்தான், மறுக்கவில்லை. நானும் போன வருஷம் ஒன்று போட்டேன், அதில் நூற்றெண்பது பிரதி இன்னும் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. கட்டுரையில் விட்டுப்போன சில சங்கதிகளைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத் தெரிந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், படம் திரும்பிய கதையை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய துப்பாக்கி என்றால் ஒரு கிறுக்கு. சுடுவதில் இல்லை, ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. லேத்தும் மைக்ரோமீட்டரும் இல்லாத காலத்தில் ஒரு கொல்லன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை எப்படி அடித்து வளைத்திருப்பான், குழலை எப்படி ஒட்டு தெரியாமல் உருட்டியிருப்பான் என்பதில்தான். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்திலும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் நோட்டும் பென்சிலுமாகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றே பல லீவு நாட்களைக் கழித்திருக்கிறேன். இருபது வருஷக் குறிப்புகள் சேர்ந்து 208 பக்கம், அதாவது அச்சகக் கணக்கில் 16 பக்கம் கொண்ட ஃபாரம் 13, ஆகிவிட்டது.

திரித் துப்பாக்கியில் ஆரம்பித்து, கல் எஃகில் உரசிப் பொறி தெறிக்கும் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி வழியாக, அடித்தால் வெடிக்கும் சின்ன மூடியால் பற்றவைக்கும் கேப்புத் துப்பாக்கி வரைக்கும் புத்தகம் போகிறது. வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த கயிறுதான் திரி. அது கங்காகப் புகைந்துகொண்டே இருக்கும், விசையை இழுத்தால் குழலை ஒட்டியிருக்கும் சின்னக் கிண்ணத்தில் போய்த் தொடும், கிண்ணத்து மருந்து பற்றி ஒரு பொட்டுத் துளை வழியாக உள்ளே நெருப்பு போகும். மழை பெய்தால் எல்லாம் போச்சு. ஆனாலும் நம் நாட்டில் 19ஆம் நூற்றாண்டிலும் இதை விடவில்லை. உள்ளூர்க் கொல்லனே பழுது பார்த்துவிடலாம், சிக்கிமுக்கிக் கல்லைத் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியரின் துஃபெக்கிலிருந்து வந்தது, பீரங்கியும் பரங்கியும் ஒரே வேர். இதற்கே ஒரு அத்தியாயம் வைத்தேன், அது மட்டும் நன்றாக இருப்பதாக என் மருமகள் சொன்னாள்.

சரி, கதைக்கு வருகிறேன். பதிப்பகங்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "வரலாறா, தொழில்நுட்பமா சார், எந்த அலமாரியில வைக்கிறது?" என்றார். இன்னொருவர் பதிலே போடவில்லை. சொந்தமாகவே போடுவது என்று முடிவெடுத்தபின், ஐஎஸ்பிஎன் எண், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், வாங்கித் தர ஒரு ஆள் 3000 ரூபாய் கேட்டார். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் மத்திய அரசு முகமை அதை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். உங்கள் கட்டுரையில் இந்த ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

அச்சகத்தில் முதல் கேள்வியே, "போலீஸ் பர்மிஷன் இருக்கா சார்?" புத்தகத்துக்கு எதற்கய்யா பர்மிஷன்? 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிகளுக்கே அதில் விலக்கு இருக்கிறது, நான் போடுவது வெறும் காகிதம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தத் தாளை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் எழுத்துரு. நான் யூனிகோடில் தட்டிக் கொடுத்ததை அவர்கள் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். பிழை பார்க்க எடுத்த முதல் மெய்ப்பில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நின்றன, 'தோட்டா' வந்த இடமெல்லாம் கொம்பு ஒன்று அநாதையாக முன்னால் நின்றது. மூன்று சுற்று திருத்தினோம். பிழை பார்த்த நண்பர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தங்கமான மனிதர். ஆனால் 'குதிரை' என்று வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து, "துப்பாக்கிக்குள் குதிரை எப்படி வந்தது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கல்லைக் கவ்விக்கொண்டு மேலிருந்து அடிக்கும் உறுப்புக்குக் குதிரை என்றுதான் பெயர் என்று அகராதியைக் காட்டிய பிறகே விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் பிரதியை வரிக்கு வரி படித்த ஒரே ஆள் அவர்தான்.

இனி படம். புத்தகத்துக்கு நடுவில் ஆர்ட் பேப்பரில் 16 பக்கம் புகைப்படங்கள். பழைய ஜமீன் வீடு ஒன்றில், பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு, எடுக்க விட்டார்கள். மெய்ப்பெல்லாம் முடிந்து, கடைசி நாளில் பக்கம் வடிவமைத்த பையன் நாலு படங்களை இடவலமாகத் திருப்பிவிட்டான். ஏன் தம்பி என்று கேட்டால், "துப்பாக்கி பக்கத்துக்கு வெளியே பார்த்துட்டு இருந்துச்சு சார், படிக்கிறவங்க கண்ணும் வெளியே போயிடும், அதான் உள்ளே பார்க்க வெச்சேன்" என்கிறான். அவன் தொழிலில் அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் துப்பாக்கியில் விசைப்பூட்டு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்பு, இருப்பது வலப்பக்கம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனின் முகத்தில் நெருப்புப் பொறி அடிக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. என் புத்தகத்தில் நாலு துப்பாக்கிகளுக்கு அது இடப்பக்கம் போய்விட்டது.

அதில் ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்த் துப்பாக்கி. பூட்டுத் தகட்டில் ஒரு இதய வடிவம், அதை நாலாகப் பிரித்து வி, இ, ஐ, சி என்று கம்பெனியின் ஆங்கில எழுத்துகள், உச்சியில் 4 மாதிரி ஒரு கோடு. கம்பெனி தன் சரக்கு மூட்டைகளில் குத்திய அதே முத்திரைதான். 1808 வாக்கில் அதை விட்டுவிட்டுச் சிங்க முத்திரைக்கு மாறினார்கள், அதனால் இதயம் இருந்தால் துப்பாக்கி அதற்கு முந்தியது என்று சொல்லிவிடலாம். இதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு எதிர்ப்பக்கத்துப் படத்தைப் பார்த்தால், வி-யும் ஐ-யும் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கின்றன, இ-யும் சி-யும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கின்றன. 300 பிரதியும் பைண்டிங் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அன்றைக்கு ராத்திரி பூதக்கண்ணாடியில்தான் இது தெரிந்தது. அச்சகத்தில் சொன்னேன், "இதையெல்லாம் யார் சார் பார்க்கப் போறாங்க?" என்றார்கள்.

பார்த்தார்கள். வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். கண்டி நாட்டுச் சிங்களத் துப்பாக்கிகளில் பூட்டு இடப்பக்கம் இருப்பது உண்மை, அதுதான் அவற்றின் தனி அடையாளம். அதை வைத்து அவர், 'ஐயா, 112ஆம் பக்கத்தில் இருப்பது எங்கள் தீவின் துப்பாக்கியல்லவா, பாளையக்காரர் துப்பாக்கி என்று எப்படிப் போட்டீர்கள்?' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. புத்தகத்தை ஊன்றிப் படித்த ஒருவருக்கு, உங்கள் கண்ணில் பிழையில்லை, படம்தான் திரும்பிவிட்டது என்று பதில் எழுதினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பிழைதிருத்தச் சீட்டு அடித்து, கையிலிருந்த பிரதிகளில் நானும் என் மனைவியும் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினோம், மூன்று சாயங்காலம் போனது.

விற்பனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமூக ஊடகம் ஒன்றில் 500 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தேன், ஆயுத விற்பனையை ஊக்குவிப்பதாகச் சொல்லி ஐந்தே நிமிடத்தில் நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தேன், அதே பதில், அதே எழுத்துப் பிழையோடு. மருந்து கொட்டி, குண்டு போட்டு, கோலால் இடித்து, கிண்ணத்தில் பொடி வைத்து, திரியை ஊதிவிட்டுச் சுடுவதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்துவிடுவான், அந்தத் துப்பாக்கியைக் கண்டுதான் இந்தப் பயம். ஒரு விநியோகஸ்தர் 45 சதவீதம் கழிவு கேட்டார். 280 ரூபாய்ப் புத்தகம், எனக்கு வருவது 154, அச்சுக்கே பிரதிக்கு 173 ஆகிவிட்டது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் முதலானவற்றுக்கு நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும், அனுப்பினேன். அதில் வருத்தமே இல்லை, நான் போன பிறகும் அங்கே இருக்கும். அந்தப் பிரதிகளிலாவது சீட்டை நேராக ஒட்டினேனா என்றுதான் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். சொந்தப் பதிப்பைப் பற்றி மறுபடி எழுதினால் அட்டை வடிவமைப்பு, விளம்பரம் இவற்றோடு, விஷயம் தெரிந்த ஒருவரைக் காசு கொடுத்துக் கடைசி மெய்ப்பு பார்க்கச் சொன்னால் எவ்வளவு ஆகும், அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். பதிப்பகம் என்றால் அங்கே அதற்கென்று ஒரு ஆள் இருப்பார், எனக்கு ஒரு தமிழாசிரியரும் ஒரு பூதக்கண்ணாடியும்தான் இருந்தார்கள். இரண்டாம் பதிப்புக்கு நாலு படங்களையும் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை எல்லாத் துப்பாக்கியையும் பக்கத்துக்கு உள்ளே பார்க்கிற மாதிரி வைத்துத்தான் எடுத்தேன், தம்பிக்கு வேலை வைக்க வேண்டாம் என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.