45 ரூபாய் பார்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கே மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கும் என் அத்தைக்குப் போன மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பார்சல் நிற்கிறது, 45 ரூபாய் கட்டினால் வீட்டுக்கு வரும் என்று. ரீயூனியனில் இருக்கும் மகன் காவடிக்குப் புடவை அனுப்பியிருந்ததால் அவர் சந்தேகப்படவே இல்லை. செய்தியில் இருந்த இணைப்பைத் திறந்து கார்டு எண்ணைப் போட்டார். வங்கியிலிருந்து வந்த ஓடிபியையும் போட்டார். அந்த ஓடிபி செய்தியிலேயே 18,500 ரூபாய் என்று இருந்தது. அத்தையின் கண் ஆறு இலக்க எண்ணோடு நின்றுவிட்டது.

இணைப்பைப் பிறகு பார்த்தேன். நம் அரசுத் தளங்கள் பலவும் ‘கவ்எம்யூ.ஆர்க்’ (govmu.org) என்று முடியும். இதிலும் ‘கவ்எம்யூ’ இருந்தது, ஆனால் முன்பக்கத்தில். முடிவில் கேள்விப்படாத வேறு பெயர். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் இருப்பதுதான் உண்மையான சொந்தக்காரர்.

பணம் போனதைவிட, வெட்கப்பட்டு அத்தை இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் என்னை வருத்துகிறது. அப்புறம்தான் கார்டை முடக்கினோம்; அரசின் இணையப் பாதுகாப்புக் குழுவான செர்ட்-எம்யூவின் மாக்கோர்ஸ் என்ற இணையக் குற்றப் புகார்த் தளத்தில் புகார் கொடுத்தோம். வீட்டிலிருந்தே கொடுக்கலாம். செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கோவில்களில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஐந்து நிமிடம் தமிழிலும் கிரியோலிலும் இதைச் சொன்னால் வயதானவர்களுக்குப் போய்ச் சேரும். நீங்களும் வாரம் ஒரு போலிச் செய்தியைப் படத்தோடு வெளியிடுங்கள். அத்தையிடம் வந்ததை முதலில் அனுப்பிவைக்கிறேன்.

ஒரு வாசகி,
காத்ர் போர்ன்