வயிறு ஏன் ஜிவ்வென்று போகிறது

அன்புள்ள கதிருக்கு,

வி.ஆர். ஹெட்செட்டை (கண்ணை மூடி மெய்நிகர் காட்சி காட்டும் கருவி) மாட்டிக்கொண்டு மாடி விளிம்பிலிருந்து காலை எடுத்து வைத்ததும் அடிவயிறு ஜிவ்வென்று போனது, நின்றதோ ஹால் தரையில், இது எப்படி என்று கேட்டிருந்தாய். அடுத்த மாதம் விமானத்திலிருந்து குதிக்கப் பணம் கட்டியதையும் அதே மூச்சில் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். ஹெட்செட்டில் வந்த ஜிவ், நிஜமாகக் குதிக்கும்போது வராமலே போகலாம்.

புவியீர்ப்பை உடம்பு நேராக உணர்வதில்லை. தரையும் நாற்காலியும் நம்மைத் தாங்குவதைத்தான் எடை என்று உணர்கிறோம். தாங்கல் போனால் எடையும் போச்சு. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில், அடிக்குச் சற்று மேலே, ஆணியால் ஓட்டை போடு. தண்ணீர் நிரப்பி மூடியைத் திறந்தே வை. கையில் இருக்கும்வரை பீய்ச்சும். தோள் உயரத்திலிருந்து அப்படியே விட்டுவிடு. தரையைத் தொடும்வரை, அந்த அரை நொடி, ஒழுக்கு நின்றுபோகும். மேல் தண்ணீர் கீழ்த் தண்ணீரை அழுத்தினால்தானே பீய்ச்சும்? இரண்டும் சேர்ந்து விழுகின்றன.

வயிற்றுக்குள்ளும் அதே கதைதான். ஏறக்குறைய ஒன்றரை கிலோ கல்லீரல், உதரவிதானத்துக்கு அடியில் நார்ப்பட்டைகளின் பிடியில் இருக்கிறது. சிறுகுடல் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து ஒரு மடிப்புச் சவ்வில் தொங்குகிறது. ஈரக்குலை என்று நம் ஆட்கள் சொல்வது எவ்வளவு பொருத்தம் பார், வாழைக்குலை மாதிரித் தொங்குகிற சமாசாரம்தான். நிற்கும்போது இந்தப் பிடிகள் எப்போதும் கொஞ்சம் இழுபட்டே இருக்கும். பழகிப்போனதால் மூளை கண்டுகொள்வதில்லை. விழத் தொடங்கியதும் இழுப்பு தளர்ந்து குலை சற்று மேலேறுகிறது. உள்காதில் இரண்டு சின்னப் பைகள் உண்டு. அவற்றில் மயிரிழை செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுண்ணாம்புத் துகள்களும் அதே கணத்தில் எடை இழக்கின்றன. ‘பிடிமானம் போச்சு’ என்று இரண்டு இடத்திலிருந்தும் சேதி போக, அட்ரினலின் சுரந்து, குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, வயிறு இறுகுகிறது. எல்லாம் சேர்ந்ததுதான் நீ சொல்லும் ஜிவ்.

உடம்புக்குப் பெரிதாகத் தெரிவது வேகம் அல்ல, தாங்கலில் வரும் மாற்றம். லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கும்போது நொடிக்கு நொடி 1 மீட்டர் வேகம் கூடினால், 60 கிலோ ஆள் எடைக்கருவியில் 54 தான் காட்டுவான். சீரான வேகம் வந்ததும் மறுபடி 60, உணர்வும் போய்விடும். பொருட்காட்சி கொலம்பஸ் கப்பல் 60 டிகிரி ஏறி நிற்கும் கணத்தில், நடு இருக்கைக்காரருக்குப் பாதி எடைதான். மேலேறிய பக்கத்து ஓர இருக்கை இன்னும் அதிகமாகச் சாய்ந்திருப்பதால் அங்கே அதைவிடக் குறைவு. அலறலெல்லாம் ஓரத்திலிருந்து வருவது அதனால்தான்.

ஹெட்செட்டில் குலை அசையவே இல்லை. காது ‘நிற்கிறோம்’ என்கிறது, கண் ‘விழுகிறோம்’ என்கிறது. உள்காதுச் சேதி போய்ச் சேரும் அதே நரம்புக் கருக்களுக்கு, அதாவது மூளைக்குள் இருக்கும் நரம்பு செல் கொத்துகளுக்கு, கண் காணும் நகர்வும் போகிறது, குறிப்பாக ஓரப்பார்வையில் ஓடும் காட்சி. மூளை கண்ணை நம்பிவிட்டால், விழுவதற்கான ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துவிடும்: மூச்சை நிறுத்தும், வயிற்றுத் தசையை இறுக்கும், அட்ரினலினை விடும். சந்தேகம் இருந்தால் விழும் இடத்தில் கண்ணை மூடிப் பார். ஹெட்செட்டில் பெரும்பாலும் அடங்கிவிடும். கொலம்பஸில் கண்ணை மூடினாலும் அடங்காது. தொடர்ந்து ஆடினால் இந்தக் கண்-காதுச் சண்டை குமட்டலில் முடியும். செட்டிங்ஸில் ஓரப்பார்வையைக் குறுக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள், நாற்காலியில் உட்கார்ந்து ஆடு, குமட்டல் தொடங்கியதுமே கழற்றிவிடு. ‘இன்னும் ஒரு ரவுண்டு’ வேண்டாம்டா.

இனி நிஜக் குதிப்பு. கதவைத் திறக்கும்போது விமானம் மணிக்கு 150 கிலோமீட்டர் போகிறது என்று வை. நீ விழுந்து கடைசியில் எட்டும் வேகம் ஏறத்தாழ 200. அந்த வேகத்தில் காற்றின் தடுப்பு உன் எடைக்குச் சமம், அதனால்தான் அதற்குமேல் ஏறாது. காற்றின் தடுப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; முக்கால் வேகத்திலேயே அது உன் எடையில் பாதிக்கு மேல், பதினாறில் ஒன்பது பங்கு. ஆக, வெளியே வந்த கணமே காற்று உன்னைப் பிடித்துக்கொள்கிறது. தாங்கல் பூஜ்யத்துக்குப் போவதே இல்லை. பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் முழு எடையும் காற்றின் மேல் படுத்திருக்கும். வெப்பக்காற்று பலூனிலிருந்து குதிப்பவர்களுக்கு அந்த முன்வேகம் கிடையாது. அவர்களுக்குத்தான் வயிறு முழுசாகப் போகும்.

உனக்குத் தொந்தரவு வந்தால் பாராசூட் குடை விரிந்த பிறகுதான் வரும். சுழன்று சுழன்று இறங்கும்போது தலை சுற்றிக் குமட்டும். கூட வரும் பயிற்சியாளரிடம் மேலே போவதற்கு முன்பே சொல்லிவை, இறுக்கமான திருப்பம் வேண்டாம் என்று. வெறும் வயிற்றோடு போகாதே. இரண்டு மணி நேரம் முன்பு எண்ணெய் இல்லாமல் கொஞ்சம் சாப்பிடு. கதவருகே மூச்சைப் பிடித்து வைக்காமல் மெதுவாக வெளியே விடு.

பாட்டில் சோதனையைக் குளியலறையில் செய். பால்கனியிலிருந்து போடாதே, கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

அன்புடன்,
அம்மா